ஓ.சி.டி. கருவியில் திசுக்களைப் படமெடுத்தல்: வெங்காயத்தில் தொடங்கும் ஒரு பயிற்சி

ஓ.சி.டி. என்று சொன்னால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் பெரும்பாலோருக்குக் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே தெரியும் புள்ளியையே பார்க்கச் சொல்லி, சில நொடிகளில் விழித்திரையின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துத் தருகிற அந்தக் கருவியின் முழுப்பெயர் ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி. அதே தத்துவத்தில் இயங்கும் மேசைக் கருவி ஒன்று இருந்தால், பழத்தோல், விரல்நுனி, இலை, புழு எனப் பலவகைத் திசுக்களை வெட்டாமல், சாயம் ஏற்றாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை பார்க்கலாம். கிருஷ்ணகிரியில் அப்படியொரு கருவியில் விலங்கியல், தாவரவியல், இயற்பியல் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதன்முதலாக அதன் முன்னால் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பர்கூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வருகிற மாணவர்கள் முதல் நாளே ஆட்டுக்கண்ணையோ மாம்பழத்தையோ கருவியின் கீழ் வைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். நான் முதல் இரண்டு நாளும் வெங்காயத்தை மட்டுமே கொடுப்பேன். ஓ.சி.டி. கருவி எதை வைத்தாலும் ஏதோவொரு படத்தைத் திரையில் காட்டிவிடும் என்பதும், அந்தப் படத்தில் உள்ள கோடுகளில் எது திசு, எது ஒளி செய்த வேலை என்று பிரித்தறியாதவர்கள் இல்லாத அடுக்குகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிடுகிறார்கள் என்பதும்தான் அதற்குக் காரணம்.

கருவி எதை அளக்கிறது

மலையடிவாரத்தில் நின்று குரல் கொடுத்தால், எதிரொலி திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்துப் பாறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஓ.சி.டி. ஒளியின் எதிரொலியைக் கொண்டு அதே கணக்கைச் செய்கிறது. ஆனால் ஒளி 10 மைக்ரானைக் கடக்க ஏறத்தாழ 33 ஃபெம்டோநொடிதான் ஆகும். அவ்வளவு சிறிய நேரத்தை நேரடியாக அளக்கும் மின்னணுக் கடிகாரம் கிடையாது. ஆகவே ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பாதி மாதிரிக்கும், மறு பாதி ஒப்பீட்டுக் கரத்தின் கடைசியில் உள்ள கண்ணாடிக்கும் சென்று திரும்பி, இரண்டும் மறுபடி சேரும்போது உண்டாகும் குறுக்கீட்டு வரிகளிலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது. இக்காலக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வரிகளை நிறமாலையாகப் பதிவுசெய்து, கணினியில் ஃபூரியர் உருமாற்றம் (கலந்த அலைகளைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்து, ஒரே பதிவில் ஓர் இடத்தின் முழு ஆழத்தையும் தந்துவிடுகின்றன. அப்படிக் கிடைக்கும் ஒற்றை ஆழக்கோட்டை ஏ-ஸ்கேன் என்றும், கற்றையைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்தடுத்து எடுத்த ஏ-ஸ்கேன்களை அடுக்கிய குறுக்குவெட்டை பி-ஸ்கேன் என்றும் சொல்கிறோம்.

இந்த முறையை டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ உள்ளிட்ட குழுவினர் 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். 2023இல் இம்மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. அந்த முதல் கட்டுரையில் அவர்கள் காட்டிய படங்கள் உடலிலிருந்து எடுத்த விழித்திரையையும் இதயத் தமனியையும் சேர்ந்தவை. அசையாத திசுவில் கைபழகிய பிறகு உயிருள்ளவற்றுக்குப் போவது இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே நடந்துவந்த வழி என்பதால், நம் பயிற்சியும் அதே வரிசையில் போகிறது.

படத்தில் தெரிகிற வெளிச்சம் நிறத்தையோ கடினத்தன்மையையோ குறிப்பதில்லை. ஒளிவிலகல் எண் எங்கே திடீரென மாறுகிறதோ அங்கே ஒளி திரும்பி வருகிறது. அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. நீர் நிறைந்த செல்லின் உட்புறம் கறுப்பாகவும், செல்சுவர் வெளுப்பாகவும் தெரிவது இதனால்தான்.

அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகைக் கருவிகளை அதிகம் பார்ப்பீர்கள். விழித்திரைக்கு 840 நானோமீட்டர் அளவிலான ஒளி ஏற்றது, ஏனெனில் கண்ணின் உள்ளே உள்ள நீர் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. தோல், பல், பழம் போன்ற கலங்கலான திசுக்களில் 1300 நானோமீட்டர் ஒளி குறைவாகச் சிதறுவதால் கூடுதல் ஆழம் போகும். எங்கள் பயிற்சி 1300 வகைக் கருவியில் நடக்கிறது. ஆழத்தில் எவ்வளவு நெருக்கமான இரண்டு அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: மைய அலைநீளத்தின் வர்க்கத்தைப் பட்டை அகலத்தால், அதாவது ஒளிமூலத்தின் அலைநீளங்கள் பரவியிருக்கும் அகலத்தால் வகுத்து, 0.44 ஆல் பெருக்குங்கள். 1300 மைய அலைநீளமும் 100 நானோமீட்டர் பட்டை அகலமும் இருந்தால் காற்றில் 7.4 மைக்ரான் வரும். திசுவின் ஒளிவிலகல் எண் 1.38 என்று கொண்டால் திசுவுக்குள் சுமார் 5.4 மைக்ரான். இதைவிட மெல்லிய அடுக்கை யாராவது அளந்ததாகச் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

மேசையும் மின்சாரமும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரி ஓடுகிற ஊர் எங்களுடையது. ஒளியின் பாதை, ஒரு பதிவு எடுக்கும் நேரத்துக்குள் அலைநீளத்தில் பாதி அளவு, அதாவது ஒரு மைக்ரானுக்கும் குறைவாக நகர்ந்தாலே குறுக்கீட்டு வரிகள் அழிந்து படம் மங்கிவிடும். அதிர்வு தாங்கும் ஒளியியல் மேசை வாங்கப் பணம் இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. பாலிஷ் பட்டறையில் ஓரம் உடைந்து கழித்துப் போட்ட கனமான பலகை ஒன்றை வாங்கி, அதன் அடியில் பாதிக் காற்று அடைத்த ஸ்கூட்டர் டியூப்களை வைத்து, அதன்மேல் ஸ்கேன் தலையையும் மாதிரி மேடையையும் வைத்தோம். மின்விசிறி உள்ள கணினியும் ஒளிமூலப் பெட்டியும் வேறு மேசையில் இருக்கட்டும்.

யு.பி.எஸ். இல்லாமல் கருவியை இயக்க வேண்டாம். ஒளிமூலத்தைப் போட்டதும் அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். மே மாதத்தில் அறைச் சூடு ஏறி இறங்கும்போது ஒளியிழைகளின் நீளமும் துருவநிலையும் சிறிது மாறுவதால், காலையில் சரியாக இருந்த படம் மதியம் மங்கும். இழையைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் வளைப்பதும் அதே கெடுதலைச் செய்யும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1300 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. கருவியில் தெரிகிற சிவப்புப் புள்ளி வழிகாட்டி ஒளி மட்டுமே, அது அணைந்திருந்தாலும் படமெடுக்கும் ஒளி வந்துகொண்டிருக்கும். இந்த மேசைக் கருவியைக் கொண்டு உயிருள்ள மனிதக் கண்ணை, அது உங்கள் சொந்தக் கண்ணாகவே இருந்தாலும், படமெடுக்க முயலக் கூடாது. கண்ணுக்கென ஒளியின் அளவை வரையறுத்துச் செய்த கருவி மருத்துவமனையில் இருக்கிறது. அந்த வேலை அங்கேயே நடக்கட்டும்.

வெங்காயம்: இரண்டு திருகிகளைப் பிரித்து அறிதல்

ஒரு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை உரித்துவிட்டு, சதைப்பற்றுள்ள மடல் ஒன்றிலிருந்து விரல்நக அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, வளைந்த புறம் மேலே இருக்குமாறு கண்ணாடித் தகட்டில் வையுங்கள். வெங்காயச் செல்கள் பெரியவை; செல்சுவர் வெள்ளைக் கோடாகவும் உட்புறம் கறுப்பு அறையாகவும் செங்கல் சுவரைப் போலத் தெரியும் என்பதால், படம் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் கையில் இரண்டு திருகிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்கேன் தலையை ஏற்றி இறக்கிக் குவியத்தை மாற்றும். இன்னொன்று ஒப்பீட்டுக் கரத்தின் நீளத்தை மாற்றும். புதிதாக வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இவ்விரண்டையும் ஒன்றென நினைத்துக் குழம்புகிறார்கள். குவியம் என்பது ஒளிப்புள்ளி எந்த ஆழத்தில் மிகச் சிறியதாக இருக்கிறது என்பது. அதை மாற்றினால் அந்த ஆழத்தில் படம் கூர்மையாகும், வெளுப்பாகும். ஒப்பீட்டுக் கரத்தின் நீளமோ, திரையின் மேல்விளிம்பு மாதிரியின் எந்த உயரத்தைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அதை மாற்றினால் படம் முழுவதும் மேலும் கீழும் நகரும், கூர்மை மாறாது. முதலில் வழிகாட்டி ஒளியும் கேமராவும் கொண்டு தோராயமாகக் குவியப்படுத்துங்கள். அடுத்து ஒப்பீட்டுக் கரத்தை மெதுவாக நகர்த்தி வெங்காயத்தின் மேற்பரப்பைத் திரைக்குள் கொண்டுவாருங்கள். கடைசியாக ஸ்கேன் தலையைச் சிறிது இறக்கி, குவியம் மேற்பரப்பிலிருந்து இருநூறு மைக்ரான் கீழே விழுமாறு செய்துவிட்டு, நகர்ந்துபோன படத்தை ஒப்பீட்டுக் கரத்தால் பழைய இடத்துக்கு மீட்டுவிடுங்கள். இந்த மூன்று செயலையும் பத்து முறை திரும்பச் செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

மேற்பரப்பைத் திரையின் மேல்பகுதியில், ஆனால் மேல்விளிம்பைத் தொடாமல் வையுங்கள். நிறமாலை வகைக் கருவியில் சுழிக்கோட்டிலிருந்து, அதாவது இரு கரங்களின் நீளமும் சமமாகும் இடத்திலிருந்து, கீழே போகப் போகக் கருவியின் உணர்திறன் குறையும். ஆகவே ஒரே வெங்காயம் திரையின் அடியில் இருக்கும்போது மங்கலாகவும் மேலே இருக்கும்போது தெளிவாகவும் தெரியும். அதற்காக அளவுக்கு மீறி மேலே தள்ளினால் வேறொரு தொல்லை வரும். சென்ற ஆண்டு காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், “மேடம், மாதிரி ஒண்ணுதான் வெச்சேன், ரெண்டு தோல் தெரியுது, ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகுது” என்று திகைத்துப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வெங்காயத்தின் மேடான பகுதி சுழிக்கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. ஃபூரியர் உருமாற்றத்துக்குச் சுழிக்கோட்டின் மேலே, கீழே என்ற வேறுபாடு தெரியாது. அதனால் மேலே போன பகுதியைக் கீழே மடித்துத் தலைகீழாகக் காட்டிவிடுகிறது. அவரிடம் ஸ்கேன் தலையை மெல்ல இறக்கச் சொன்னேன். ஒரு தோல் மேலே போனது, மற்றொன்று கீழே வந்தது. திசுவின் சரியான படத்தில் இருக்கும் கோடு மாதிரி நகரும் திசையில் நகரும், மடிந்த பிம்பம் எதிர்த்திசையில் நகரும்.

அன்று அவர் கண்டுகொண்டதை எல்லாப் படங்களுக்கும் பொதுவான சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் தருகிற கோடு எதைப் பார்த்தாலும் மாதிரியைச் சிறிது நகர்த்துங்கள். மாதிரியோடு சேர்ந்து அதே அளவு நகர்ந்தால் அது திசுவாக இருக்கலாம். மாதிரி நகர்ந்தும் அசையாமல் நின்றால், கருவிக்குள்ளேயே ஏதோவொரு கண்ணாடிப் பரப்பு ஒளியைத் திருப்புகிறது. மாதிரிக் கரத்தை மறைத்துப் பின்னணியைப் புதிதாகப் பதிந்து கழித்தால் அது போய்விடும். மாதிரி நகர்ந்ததைப் போல இரண்டு மடங்கு நகர்ந்தால், ஒளி மாதிரிக்கும் லென்சுக்கும் இடையே இரண்டு முறை போய்வந்திருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைப் பட்டை செங்குத்தாக ஓடினால், மாதிரியின் மேற்பரப்பு அந்த இடத்தில் கண்ணாடியைப் போல ஒளியை நேராகத் திருப்பி உணரியை நிறைத்துவிட்டது என்று பொருள். மாதிரியை ஐந்தாறு பாகை சாய்த்தால் பட்டை மறையும்.

படத்தின் பொலிவைக் கூட்டும் பொத்தானில் கவனம் வேண்டும். திரையில் காண்பது டெசிபல் அளவு. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. கீழ் எல்லையைத் தளர்த்திக்கொண்டே போனால் இரைச்சல் முழுவதும் திசுவைப் போலப் படத்தின் அடிவரை நிறைந்து, ஏதோ மூன்று மில்லிமீட்டர் ஆழம் பார்த்துவிட்டதாக மனம் மயங்கும். மாதிரி இல்லாத வெற்று இடத்தில் ஒரு படம் எடுத்து, அது முழுக்கக் கறுப்பாக இருக்கும்படி கீழ் எல்லையை அமைத்து, ஒப்பிட வேண்டிய எல்லாப் படங்களுக்கும் அதே எல்லையை வைத்திருங்கள்.

ஒரு துளி நீர்

மூன்றாம் நாள் காலையில் திசு எதையும் வைக்காமல், சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரை விட்டுப் படமெடுங்கள். தகடு நேராகவே இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். படத்திலோ, துளிக்கு அடியில் உள்ள பகுதி மட்டும் குழிந்து கீழே இறங்கியிருக்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் ஒளி அதற்குள் மெதுவாகப் போகிறது; கருவிக்குத் தெரிவது பயண நேரம் மட்டுமே என்பதால், ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள துளியை அது 1.33 மில்லிமீட்டர் என்று எண்ணி, அடியிலுள்ள கண்ணாடியை 0.33 மில்லிமீட்டர் கீழே தள்ளி வரைகிறது. நீருக்குள் நாணயம் மேலே தெரிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே கீழே தெரிவது முதலில் முரணாகப் படும். கண் பார்ப்பது கதிர் வந்த திசையை, கருவி எண்ணுவது அது வந்த நேரத்தை.

இந்தத் துளி, திசுவின் ஒளிவிலகல் எண்ணை அளக்கும் வழியையும் கற்றுத்தருகிறது. மென்பொருளில் ஒளிவிலகல் எண்ணை 1.00 என்று வைத்துவிட்டு, திசுவின் மெல்லிய சீவலைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்து, அதன் விளிம்பு படத்தில் வருமாறு பி-ஸ்கேன் எடுங்கள். சீவலுக்குப் பக்கத்தில் உள்ள வெற்றுக் கண்ணாடியின் மட்டத்திலிருந்து சீவலின் உச்சி வரை உள்ளது உண்மையான தடிமன். சீவலுக்கு அடியில் இறங்கித் தெரிகிற கண்ணாடியிலிருந்து உச்சி வரை உள்ளது ஒளிப்பாதைத் தடிமன். இரண்டாவதை முதலாவதால் வகுக்க வேண்டும். முதலாவது 500 மைக்ரான், இரண்டாவது 690 மைக்ரான் என்று வந்தால் ஒளிவிலகல் எண் 1.38.

விரல்நுனி

உயிருள்ள திசுவுக்குப் பழக உங்கள் விரலைவிட நல்ல மாதிரி கிடையாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விரலை ஒரு மரக்கட்டையின் மேல் ஊன்றி, முழங்கையும் மேசையைத் தாங்குமாறு வையுங்கள். ஊன்றாத விரல் நாடித்துடிப்புக்கே ஆடிக்கொண்டிருக்கும். விரல்நுனியின் மேல்தோலில் இறந்த செல்களின் அடுக்கு தடிமனாக இருப்பதால், மேலே ரேகைகளின் அலைவடிவமும், அதற்குக் கீழே அதே அலைவடிவத்தை ஒட்டி இன்னொரு வெளுத்த எல்லையும் தெரியும். இடையில் உள்ள கறுத்த அடுக்கில், ஸ்குரு ஆணியைப் போல முறுக்கிக்கொண்டு மேலேறும் சின்னஞ்சிறு வெள்ளைச் சுருள்களைத் தேடுங்கள். அவை வியர்வை நாளங்கள். முதன்முறையாக அதைத் தன் விரலிலேயே பார்க்கிறவர் முகத்தில் வரும் வியப்பைப் பார்ப்பதற்காகவே நான் பயிற்சி கொடுக்கிறேன் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

தோலின் மேற்பரப்பிலிருந்து வரும் கடும் பிரதிபலிப்பைக் குறைக்க ஒரு சொட்டு கிளிசரின் தடவலாம். ஆனால் கிளிசரின் நேரம் போகப் போகத் திசுவிலிருந்து நீரை இழுத்து, உட்புறத்தையும் மேலும் ஒளி ஊடுருவும்படி மாற்றிவிடும். ஆகவே தடவிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒப்பிடும் படங்களை எல்லாம் அதே இடைவெளியில் எடுங்கள்.

படத்தில் மணலைத் தூவியது போலப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றை ஸ்பெக்கிள் என்பார்கள். நெருக்கமாக உள்ள பல சிதறல் புள்ளிகளிலிருந்து வரும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாவது அது. பல படங்களைச் சராசரி எடுத்தால் புள்ளிகள் குறையும் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் அது பாதி உண்மைதான். அசையாத வெங்காயத்தில் ஒரே இடத்தை நூறு முறை எடுத்துச் சராசரி செய்தாலும் குறைவது மின்னணு இரைச்சல் மட்டுமே. ஸ்பெக்கிள் அப்படியே நிற்கும், ஏனெனில் நூறு படத்திலும் அது ஒன்றுதான். படத்துக்குப் படம் கற்றையைச் சில மைக்ரான் பக்கவாட்டில் தள்ளி எடுத்தால்தான் புள்ளிகள் மாறி, சராசரியில் தேயும். அப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பதினாறு படங்களைச் சேர்த்தால் ஸ்பெக்கிளின் ஏற்ற இறக்கம் நான்கில் ஒரு பங்காகும். அதற்கு விலையாகப் பக்கவாட்டுக் கூர்மை சிறிது போகும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாங்காய்த் தோல்

ஏப்ரல் முதல் ஜூலை வரை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாம்பழ வாசம்தான். சந்தூர்ப் பக்கத் தோப்புகளிலிருந்து மாணவர்களே பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று கொண்டுவருவார்கள். தோலின் தடிமன், தோலுக்கடியில் உள்ள பால் நாளங்கள், அடிபட்ட இடத்தில் சதை எப்படிக் குலைகிறது என்று இந்த மாவட்டத்துக்குப் பயன்படும் கேள்விகள் பல இருக்கின்றன.

காம்பு முறிந்த இடத்திலிருந்து வடிந்த மாம்பால் தோலில் பட்டு உலர்ந்திருந்தால், அந்தப் படலம் தனி அடுக்கைப் போலத் தெரியும். எனவே படமெடுக்கும் இடம் பால் படாததாக இருக்கட்டும்; தேய்த்துத் துடைத்தால் மெழுகுப் பூச்சும் சேர்ந்து போய்விடும். பழத்தை முழுசாகவே வைத்து எடுப்பது நல்லது. வெட்டிய துண்டு, கருவியின் முன்னால் விளக்கொளியில் இருக்கும்போதே உலர்ந்து சுருங்கத் தொடங்கும். முழுப் பழம் உருளாமல் இருக்க, துணியைச் சும்மாடு போலச் சுருட்டி அதன்மேல் உட்கார வைப்போம். பழத்தின் வளைவு சுழிக்கோட்டைத் தாண்டாதபடி ஸ்கேன் அகலத்தை மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் எத்தனை ஏ-ஸ்கேன் எடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒளிப்புள்ளியின் அகலம் 13 மைக்ரான் என்றால், அதில் பாதியளவு இடைவெளியிலாவது அடுத்த ஏ-ஸ்கேன் இருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுநூறுக்கு மேல் வரும். அதைவிடக் குறைத்தால் நாளங்கள் தவறிப்போகும், பல மடங்கு கூட்டினால் கோப்பு பெருக்குமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது.

தொடக்கக் காலத்தில் நானே செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு பருவம் முழுக்கச் செந்தூராவின் தோல் தடிமனை அளந்து அட்டவணை போட்டு வைத்திருந்தேன். பிறகு பிளேடால் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது எல்லா அளவும் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கூடுதலாக இருந்தது. மென்பொருளில் ஒளிவிலகல் எண் 1.00 என்றே இருந்திருக்கிறது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. வகுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஆனால் இடையில் யாரோ சில நாட்கள் அந்த எண்ணை மாற்றி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்ததும், எந்தப் படம் எதில் எடுத்தது என்று பிரிக்க முடியாமல் அந்தப் பருவத்தின் வேலையை முழுவதுமாகக் கைவிட்டேன். அடுத்த மாம்பழத்துக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு படத்தோடும் ஒளிவிலகல் எண், ஸ்கேன் அகலம், சராசரி எண்ணிக்கை, குவியத்தின் இடம், மாதிரி பறித்த நாள், அறை வெப்பம் ஆகியவற்றைக் கையால் நோட்டில் எழுதுங்கள். படத்தை மட்டுமன்றி, உருமாற்றம் செய்யாத மூல நிறமாலைக் கோப்பையும் சேமியுங்கள். மூலம் இருந்தால் பின்னால் எதையும் திருத்திக்கொள்ளலாம்.

ஆட்டுக்கண்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் கண்ணை எடுத்துத் தருவார்கள். அறுத்த சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். உயிருள்ள கண்ணில் விழிவெண்படலத்திலிருந்து (கார்னியா என்னும் தெளிந்த முன்படலம்) நீரை வெளியேற்றிக்கொண்டிருந்த உள்ளடுக்குச் செல்கள் செயலிழந்ததும், படலம் நீரை உறிஞ்சி உப்பிக் கலங்கிவிடும். மாலையில் அளக்கும் தடிமன் காலை அளவைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். ஐஸ் பெட்டியில் எடுத்துவரலாம். ஆனால் உறைய விட்டால் பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும். உப்புநீரில் நனைத்த பஞ்சின் மேல் கண்ணை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். சொட்டு விட்ட உடனே எடுக்கும் படத்தில் நீரின் படலமே மேலடுக்கு போலத் தெரியும் என்பதால் சிறிது பொறுத்து எடுங்கள். கையுறை கட்டாயம்.

வெண்படலத்தின் உச்சி நேராக லென்சைப் பார்த்தால் முன்பு சொன்ன செங்குத்துப் பட்டை வரும். சிறிது சாய்த்து வையுங்கள். உச்சியைவிட எனக்குப் பிடித்த இடம் வெண்படலமும் வெள்ளைவிழியும் சேரும் ஓரம். தெளிந்த திசுவும் கலங்கிய திசுவும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தையும், அதன் கீழே கருவிழித்திரை (ஐரிஸ்) வந்து சேரும் கோணத்தையும் ஒரே படத்தில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கோணத்தை அப்படியே அளந்துவிட வேண்டாம். வளைந்த வெண்படலம் ஒளியை விலக்கி அனுப்புவதால், அதன் கீழே உள்ளவை இடம் மாறியும் வளைந்தும் தெரிகின்றன. நீர்த்துளியில் பார்த்த அதே விளைவோடு கதிர் திரும்புவதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. வெண்படலத்தின் இரு பரப்பையும் குறித்து, விலகலைக் கணக்கிட்டுத் திருத்திய பிறகே கோணத்தைப் பற்றிப் பேசலாம்.

பட்டுப்புழுவின் நெஞ்சுக்குழாய்

இத்தனையும் பழகியவர்களுக்குக் கடைசிப் பாடமாகப் பட்டுப்புழுவைத் தருகிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் விவசாயிகள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். கேட்டால் நாலைந்து புழுக்களை மனமுவந்து கொடுப்பார்கள். வளர்ந்த புழுவின் முதுகில், தோலுக்கடியில் நீளவாக்கில் ஓடும் குழாய்தான் அதன் இதயம். உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே அதன் துடிப்பு தெரியும்.

இலை தின்கிற புழு ஓயாமல் நகரும். தோலுரிப்புக்கு முன்னால் தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும் நேரத்தில் எடுத்தால் கட்டிப்போட வேண்டிய தேவையே இல்லை. புழு இருக்கும் முசுக்கொட்டை இலையோடு சேர்த்து மேடையில் வையுங்கள். கையால் பிடித்துத் தூக்க வேண்டாம். முதலில் குறுக்குவாட்டில் ஒரு பி-ஸ்கேன் எடுத்து, தோலுக்குக் கீழே நடுவில் விரிந்து சுருங்கும் கறுத்த வட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் மையத்தில் கற்றையை நிறுத்தி, நகர்த்தாமல், ஒரே இடத்தில் ஏ-ஸ்கேன்களைத் தொடர்ந்து பதியுங்கள். இதை எம்-ஸ்கேன் என்பார்கள். அதில் பக்கவாட்டு அச்சு தொலைவைக் காட்டாமல் நேரத்தைக் காட்டும். குழாயின் மேல்சுவரும் கீழ்ச்சுவரும் இரண்டு அலைக்கோடுகளாக நெருங்கியும் விலகியும் ஓடும்.

அலைகளின் எண்ணிக்கையை நேரத்தால் வகுத்தால் துடிப்பு வீதம் வந்துவிடும். அந்த எண்ணை நோட்டில் எழுதும் முன், கருவியின் ஒளியை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு புழுவின் முதுகை வெறுங்கண்ணால் ஒரு நிமிடம் பார்த்து எண்ணச் சொல்வேன். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால், புழு முழுவதும் அசைந்ததைத் துடிப்பு என்று எண்ணியிருக்கலாம். தோலின் மேற்பரப்புக் கோடும் குழாய்ச் சுவர்களோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று படத்தில் பாருங்கள். சேர்ந்து அசைந்தால் அதைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். வேலை முடிந்ததும் புழுவை இலையோடு தட்டுக்குத் திருப்பி, அடுத்த தீனி நேரத்தை ஒட்டுச்சீட்டில் எழுதித் தட்டின்மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்.